இரும்பு படாத உளை

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சின்ன வயதுச் சங்கதிகளை இனிக்க இனிக்க அளப்பவர்கள் நாம். மலையில் அப்போது எல்லாம் நன்றாக இருந்தது, மனிதர்கள் தங்கம், தண்ணீர் தேன் என்று வாய் ஓயாமல் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். போன மாதத்திலிருந்து அந்தப் பேச்சை யாராவது எடுத்தாலே எனக்குக் குமட்டுகிறது. எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாலும் குமட்டுகிறது. ஏன் என்று எழுதிவிடத்தான் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். ஊர் என்றால் இருபது வீடுகூட இருக்காது. இரண்டு சரிவுகள் வந்து சேரும் மடிப்பில் ஏழு நெல் வயல்கள் படிப்படியாக இறங்கும். அந்த ஏழுக்கும் தலைமாட்டில் ஒரு சேற்றுநிலம் இருந்தது. நாங்கள் அதை உளை என்போம். கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். கோரையும் வசம்பும் ஆள் இடுப்புக்கு வளர்ந்து கிடக்கும். சித்திரை வெயிலில்கூட அந்தச் சேறு பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருக்கும். மேலே தண்ணீர் என்று ஒன்றும் ஓடாது. ஆனால் உளையின் கீழ்வரப்பில் விரல் தடிமனுக்கு நாலைந்து இடத்தில் கசிந்துகொண்டே இருக்கும், வருஷம் பூராவும். அந்தக் கசிவுதான் ஏழு வயலுக்கும் சோறு.

உளைக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. அதில் இரும்பு படக்கூடாது. மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் எதுவும் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. இடுப்புக் கயிற்றில் சாவி தொங்கினால்கூடக் கழற்றிக் கல்லின்மேல் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சாமி இருக்கிற இடம், இரும்பு பட்டால் எழுந்து போய்விடும் என்பார்கள். சாமியோ என்னவோ, கருவி படாததால் எத்தனையோ தலைமுறையாக யாரும் அதைக் கொத்தவில்லை. அதனால் தண்ணீர் இருந்தது. இவ்வளவுதான் விஷயம். இந்த எளிய கணக்கு எங்கள் பெரியவர்கள் ஒருவருக்கும் புரியவில்லை.

என் அப்பா ஊர்க்கவுண்டர். ஏழு வயலில் மேலே இருந்த நான்கு எங்களுடையது. அடுத்த இரண்டு பூசாரி வீட்டுக்கு. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசியாகத் தண்ணீர் வந்து சேரும் ஏழாவது வயல் சின்னம்மாவுடையது, அப்பாவின் தம்பி பெண்டாட்டி. சித்தப்பா காய்ச்சலில் போனபோது சின்னம்மாவுக்கு ஐந்து மாதம். பிறகு பெண் குழந்தை பிறந்தது. பாகப் பிரிவினையில் அவளுக்கு வந்தது அந்த ஒரு வயலும் ஒரு குடிசையும்தான். அவள் தனியாளாக நாற்று விட்டு, நட்டு, அறுத்து அந்த நெல்லில்தான் வயிற்றைக் கழுவினாள்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், மலை முழுக்கக் குச்சிக்கிழங்குப் பைத்தியம், அதுதான் மரவள்ளிப் பைத்தியம், பிடித்திருந்தது. கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதவில்லை. சரிவுகளில் இருந்த சாமையையும் கேழ்வரகையும் எடுத்துவிட்டுக் குச்சியாக ஊன்றினார்கள். மரத்தை வெட்டி ஊன்றினார்கள். இரண்டு மழைக்கு அங்கிருந்த கருப்பு மண் அத்தனையும் ஓடிப்போய் வெறும் செம்பாறை பல்லை இளித்தது. அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் கண் உளைமேல் விழுந்தது. மண் ஓடாத இடம், கருகருவென்று மக்கிய சேறு. அதை வடித்துவிட்டால் கிழங்கு தொடை கனத்துக்கு விளையும் என்று அவர் வீட்டில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

கிழங்கு வாங்க அடிவாரத்திலிருந்து ஒரு பாய் வருவார். லாரியைச் செம்மேட்டில் நிறுத்திவிட்டு, கக்கத்தில் குடையோடு ஒற்றையடிப் பாதையில் நடந்து வருவார். அப்பா அவரை உளைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். நானும் பின்னாலேயே போனேன். பாய் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து சேற்றை ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"ஏனுங்க கவுண்டரே, எனக்குக் கிழங்கு வந்தாச் சரிங்க. ஆனா இந்த எடத்த விட்ருங்க. இத வடிச்சீங்கன்னா கீழ வயலு காஞ்சு போயிருமுங்க."

"வியாபாரி வியாபாரத்தப் பாருங்க பாய்," என்றார் அப்பா. "வெவசாயம் எங்களுக்குத் தெரியும்."

பாய் சேற்றுக் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில், கீழ்நாட்டான் நமக்குத் தண்ணீர்ப் பாடம் எடுக்கிறான் என்று வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மீதி இருந்தது அந்த இரும்புச் சட்டம் ஒன்றுதான். அதற்குப் பூசாரியிடம் வாக்குக் கேட்டார்கள். பூசாரி கண்ணை மூடி, உடம்பை முறுக்கி, பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"சாமி இரும்பத்தான் வேண்டாம்னுச்சு. மரத்த வேண்டாம்னு சொல்லலீங்களே."

இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. ஆனால் அன்று ஊரே தலையாட்டியது. வேங்கை மரத்தைத் துடுப்பு மாதிரி பலகைகளாகச் செதுக்கினார்கள். செதுக்கியது இரும்பு வாச்சியில்தான். ஆனால் அது எல்லைக் கல்லுக்கு வெளியே நடந்ததால் சாமிக்குத் தெரியாதாம். மூங்கிலைக் கூராக்கினார்கள். சேற்றை அள்ளப் பாக்கு மட்டைகள். ஊற்றுக்கண் இருக்கும் குறுகலான இடத்தில் பெரியவர்கள் கை நுழையவில்லை என்று எங்களை இறக்கினார்கள். பங்குனிக் கடைசியில், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் உளையைத் தோண்டினோம். திருவிழா மாதிரி இருந்தது. பொரிகடலை கொடுத்தார்கள்.

பூசாரி எல்லைக் கல் அருகே நின்று ஒவ்வொருவரையும் சோதித்து அனுப்பினார். கொண்டை ஊசி, வளையம், சாவி எல்லாம் கல்லின்மேல் குவிந்தது. சின்னம்மா வந்தாள். வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்பது ஊர்க்கட்டு. அவள் ரவிக்கையில் கொக்கி போய் ஊக்கு குத்தியிருந்தாள். அதைக் கழற்றச் சொன்னார் பூசாரி. அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவள் ஊக்கைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டு, மாராப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"ஊக்கு ஆகாதுங்கறீங்க. உளையவே தோண்டறது மட்டும் ஆகுமுங்களா?" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "மாமா, இது வடிஞ்சுபோச்சுன்னா அடுத்த சித்திரைக்கு எங்காட்டுக்குத் தண்ணி எங்கிருந்துங்க வரும்?"

"உனக்குத்தான் மொதல்ல நெறையும் போ," என்றார் அப்பா.

சின்னம்மா அன்று முழுக்க ஒற்றைக் கையால் சேறு அள்ளினாள்.

உளையின் வயிற்றைத் திறந்ததும் வந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. எத்தனை காலமாகவோ அடியில் கிடந்து மக்கியது எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. அழுகிய முட்டை நாற்றம். நண்டுகள் சாரை சாரையாக ஓடின. மிதித்து நசுக்கினோம். தவளைகளும் குட்டி மீன்களும் மேட்டில் வாயைப் பிளந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கி ஒருவர்மேல் ஒருவர் வீசி விளையாடினோம். இதையெல்லாம் என் பேத்தியிடம் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் வடிகால் திறந்தது. நிறுத்திவைத்த தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்து ஏழு வயலும் வரப்பு வழிந்தது. சின்னம்மா வயலும் குளம் மாதிரி நின்றது. "பாத்தீங்களா, சாமி சிரிக்குது," என்றார் பூசாரி. சேர்த்து வைத்திருந்ததை ஒரே நாளில் கொட்டிவிட்டு அதை வரும்படி என்று கொண்டாடிய மூடர்களை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அவர்களுக்குப் பிறந்தவள் நான்.

வைகாசியில் உளையில் குச்சி ஊன்றினார்கள், மரக்கொம்பால் குழி போட்டு. வரப்போரத்தில் மட்டும் கொஞ்சம் வசம்பு மிச்சம் இருந்தது. அந்த ஆடியில் சின்னம்மாவின் குழந்தைக்கு வயிறு உப்பி, இரவும் பகலும் வீறிட்டு அழுதது. வசம்பைச் சுட்டு உரைத்துத் தடவினால் கேட்கும் என்று எனக்குத் தெரியும். சின்னம்மா குழந்தையைத் தோளில் போட்டு வாசலில் நடந்துகொண்டிருந்தாள். நான் அவள் கூரை எரவாணத்தில் செருகியிருந்த கருக்கரிவாளை எடுத்துப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு உளைக்கு ஓடினேன். வசம்பு வேர் கையோடு வராது. பின்னிக் கிடக்கும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு துண்டு அறுத்தேன். அதற்குள் மேலே யாரோ இருமும் சத்தம் கேட்டது. அரிவாளைச் சேற்றில் போட்டுக் காலால் மிதித்து அமுக்கிவிட்டு ஓடிவந்துவிட்டேன். மறுநாள் போய்த் துழாவினேன். கிடைக்கவில்லை.

சின்னம்மா வசம்பை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "ஏது கண்ணு இது?"

"வரப்போரம் கெடந்துச்சு சின்னம்மா."

அவள் வேரின் வெட்டு வாயை விரலால் தடவினாள். பிறகு அதை அடுப்பில் வாட்டினாள். குழந்தை அன்று சாயங்காலம் தூங்கியது. இரண்டு நாள் கழித்து, "அருவாள எங்க வெச்சேன்னே தெரியல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

தை பிறந்ததும் கசிவு மெலிந்தது. மாசியில் நாலைந்து இடத்தில் ஒன்றுதான் சொட்டியது. பங்குனியில் அதுவும் நின்றது. எங்கள் மேல் வயல்களிலேயே வெடிப்பு விட்டது. சின்னம்மா வயலில் நாற்றங்கால் சருகாகிக் காற்றில் சலசலத்தது. அவள் அரைக் காத தூரம் நடந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து நாற்றின் தலையில் ஊற்றினாள். பார்க்கச் சகிக்காது.

அந்த நாட்களில்தான் கிழங்கு பிடுங்கினார்கள். நிஜமாகவே தொடை கனம். இரும்பு படாமல், கையாலேயே பிடுங்கினார்கள், அவ்வளவு பக்தி. ஒரு செடியை அசைத்து இழுத்தபோது கிழங்குகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது அந்த அரிவாள். துருப்பிடித்திருந்தது. பிடியில் சித்தப்பா அடையாளத்துக்குச் சுட்டு வைத்த மூன்று கோடுகள் அப்படியே தெரிந்தன.

அதை யாரும் கையால் தொடவில்லை. இரண்டு குச்சியால் பிடித்து வாழை இலையில் வைத்துக் கோயில் முன்னால் கொண்டுவந்தார்கள். ஊர் கூடியது. தண்ணீர் ஏன் போயிற்று என்று மூன்று மாதமாக ஒருவரையொருவர் பார்த்து முழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு விடை கிடைத்துவிட்டது. முகங்களில் அப்படி ஒரு நிம்மதி.

"அருவா யாருது?" என்றார் அப்பா. தன் தம்பி சுட்ட கோடு அவருக்குத் தெரியாதா என்ன.

"என்னுதுதானுங்க," என்றாள் சின்னம்மா. "உளைக்கு நான் கொண்டு போகலீங்க."

"அப்புறம் யாரு கொண்டு போனா?"

நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். சின்னம்மா குழந்தையை இடுப்பில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கிறேனா என்று பார்த்தாள். பிறகு, "தெரியலீங்க மாமா," என்றாள்.

அன்று பொழுது சாயும்போது அடுப்படியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், அந்த உளைக் கிழங்குதான். உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"கவுண்டர் ஊட்டுப் புள்ளையே இரும்ப எடுத்துட்டுப் போச்சுன்னா உங்கப்பன் தல நிமுந்து நடக்க முடியுமா? வாய மூடிக்கிட்டு இரு சாமி."

வாயை மூடிக்கொண்டேன். வேகவைத்த கிழங்கைத் தின்றேன். அடுத்த சந்தைக்குச் செம்மேடு போய்வந்த அப்பா எனக்கு ஒரு ஜோடி பச்சை பிளாஸ்டிக் வளையல் வாங்கிவந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எனக்கென்று எதையும் வாங்கியதில்லை. அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு இப்போதுதான், இந்தக் கிழட்டு வயதில்தான் உறைக்கிறது. தெரிந்தேதான் செய்திருக்கிறார் மனிதர்.

தீர்ப்பு என்னவென்றால், சின்னம்மா வயலில் ஊரார் யாரும் இறங்கக் கூடாது, நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் போகக் கூடாது, வயல் சாமி பொறுப்பில் இருக்கும். சாமி பொறுப்பு என்றால் கவுண்டர் பொறுப்பு. சித்திரை முடிவதற்குள் சின்னம்மா ஒரு துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பூசாரி வீட்டு எலுமிச்சை மரத்தடியில் நின்று குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். பிறகு இறங்கிப் போனாள். யாரும் வழியனுப்பவில்லை. அந்த வயலிலும் அப்பா குச்சிக்கிழங்கு போட்டார்.

அவளை நான் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். கல்யாணமாகிப் புருஷனோடு நாமக்கல் போகும்போது, காரவள்ளியில் மலைரோடு முடியும் இடத்தில் பஸ் நின்றது. ஜன்னலோரம் கூடையில் வாழைப்பழம் விற்றுக்கொண்டு வந்தாள். அதற்குள் தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு ஒரு சீப்புப் பழத்தை மடியில் போட்டாள், மறுக்க மறுக்க. பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தண்ணி வருதா கண்ணு?"

"வருது சின்னம்மா," என்றேன். பொய்தான். அவள் சந்தோஷப்பட்டாள். அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

இனி போன மாதத்துக் கதை. என் தம்பி மகன் ஊரில் சுற்றுலாக்காரர்கள் தங்க ஆறு ரூம் கட்டியிருக்கிறான். அப்பா காலத்துக்குப் பிறகு உளையை யாரும் சீண்டவில்லை. கிழங்கும் விளையவில்லை, தண்ணீரும் இல்லை, சனியன் என்று விட்டுவிட்டார்கள். விட்ட புண்ணியத்தில் அது மெல்ல மெல்லத் தானாகவே தேறியிருந்தது. வடிகால் தூர்ந்து, கோரை திரும்பி, கீழ்வரப்பில் ஒரே இடத்தில் கசிவு வந்திருந்தது. அதை மோப்பம் பிடித்துவிட்டான். பொக்லைன் வைத்துத் தோண்டிக் குட்டை வெட்டி, மோட்டார் போட்டு ரூமுக்கு ஏற்றப் போகிறானாம்.

"அத்தை, நீங்கதான் மூத்தவங்க. வந்து சூடம் பத்த வெக்கணுங்க," என்று காரோடு வந்து நின்றான்.

"இரும்பு ஆகாதுல்லடா?"

"அதெல்லாம் பூசாரிகிட்டக் கேட்டாச்சுங்க. வாளிக்கு மஞ்சத் துணி சுத்திட்டா இரும்பு சாமி கண்ணுக்குத் தெரியாதாமுங்க."

போனேன். தடுத்துவிடலாம் என்ற நினைப்பில்தான் போனேன். உளையோரம் இருபது முப்பது பேர் நின்றார்கள். இப்போதைய பூசாரி அந்தப் பழைய பூசாரியின் மகன்தான், அதே கண் மூடல். வண்டியின் வாளிக்குப் பட்டுப் பாவாடை மாதிரி மஞ்சள் துணி சுற்றியிருந்தது. தம்பி மகன் சூடத்தட்டை என் கையில் கொடுத்தான். நான் அதைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அன்னைக்கு அருவாள உளைக்குக் கொண்டு போனது எங்க சின்னம்மா இல்ல. நான். தண்ணி போனது அருவாளாலயும் இல்ல. நாம தோண்டினதால போச்சு. இப்பத்தான் தண்ணி மறுபடி ஊறுது பாவம், மறுபடியும் கைய வெக்காதீங்க."

அறுபது வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைத் துப்பிவிட்டேன். மலை இடியும் என்று நினைத்தேன். ஒருவர் முகமும் மாறவில்லை. சின்னவர்களுக்கு எந்தச் சின்னம்மா என்றே தெரியவில்லை. பூசாரி மட்டும் என்னைப் பரிவாகப் பார்த்தார்.

"அதுக்கென்னங்க அம்மா. கொழந்தையில தெரியாமச் செஞ்சது. சாமி கோவிச்சுக்காதுங்க. உங்க மனசுக்குச் சங்கடமா இருந்தா ஒரு பழம் சேத்து வெச்சிரலாமுங்க."

தம்பி மகன் பைக்குள் கையை விட்டான். நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் வாங்கியிருந்தான். கடைக்காரர் கொசுறாக ஒன்று போட்டிருந்தார். அந்த ஐந்தாவது பழத்தை, வாடி வதங்கிய ஒன்றை, முன்சக்கரத்துக்கு அடியில் மற்றதோடு சேர்த்து வைத்தார்கள். வண்டி ஏறி இறங்கியது. விதை என் புடவையில் தெறித்தது. வாளி உளைக்குள் இறங்கியதும் அதே நாற்றம் கிளம்பி வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தக் குற்றத்துக்கு விலை ஒரே ஒரு எலுமிச்சம்பழம். சின்னம்மா மூட்டையோடு நின்று குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாளே, பூசாரி வீட்டு வாசல் மரம், அதில் அன்றைக்கு இலை தெரியாமல் காய்த்திருந்தது.